ஊபாங்கிக் கரையின் திறந்த கதவுகள்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடத்தை விரித்து அதன் நெஞ்சுப் பகுதியில் விரலை வைத்தால், விரல் நிற்கும் இடமே மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. கடலைக் காணாத நாடு. வடக்கே சாடு, கிழக்கே சூடானும் தென் சூடானும், தெற்கே இரண்டு காங்கோ நாடுகள், மேற்கே காமரூன். பரப்பளவில் நம் பாரத நாட்டின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. மக்கள் தொகையோ ஐம்பது இலட்சத்தைச் சற்றுத் தாண்டும். மண்ணுக்கு அடியில் வைரமும் பொன்னும் உண்டு. மண்ணுக்கு மேலே விலையுயர்ந்த மரங்கள் நிறைந்த காடுகள் உண்டு. ஆயினும், ஐக்கிய நாடுகள் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் மனித வளர்ச்சிப் பட்டியலில் இந்நாட்டின் பெயரைத் தேடுவோர், அடியிலிருந்து வாசிக்கத் தொடங்குவதே நல்லது.

தலைநகரின் பெயர் பாங்கி. ஊபாங்கி என்னும் பெருநதியின் கரையில், நீர் பாறைகளின்மீது மோதிச் சீறிப் பாயும் இடத்தில் 1889-ல் பிரெஞ்சுக்காரர் அமைத்த ஊர் அது. எதிர்க்கரையில் காங்கோ நாட்டின் சோங்கோ நகரம் கண்ணுக்குத் தெரியும். மக்களின் அன்றாட உணவு மரவள்ளிக்கிழங்கு. அதை ஊறவைத்து, உலர்த்தி, இடித்து, மாவாக்கிக் களி கிண்டுவர். காலையில் உரல் இடிக்கும் ஓசை கேட்காத வீட்டில் அன்று உணவில்லை என்று பொருள்.

இந்த நதிக்கரைக்கு 1894-ல் தூய ஆவி சபைக் குருக்கள் வந்து சேர்ந்தனர். விரைந்தோடும் நீரின் ஓரத்திலேயே அவர்கள் எழுப்பிய தலம், “நீரோட்டங்களின் புனித பவுல்” என்று இன்றளவும் அழைக்கப்படுகிறது. அந்நாளில் காலனி அரசு இந்த நாட்டைத் துண்டு துண்டாக்கிக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. ரப்பர் கொண்டுவராத ஊர்களில் கம்பெனிக் காவலர் செய்த கொடுமைகளை வரலாற்று நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. நற்செய்தி நுழைந்த வழியும் சவுக்கு நுழைந்த வழியும் ஒரே நதிவழிதான் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

குருக்கள் ஒரு பெரிய காரியம் செய்தனர். பல இனங்கள், பல மொழிகள் வழங்கிய அந்நாட்டில் நதி வணிகர் பேசிய சாங்கோ என்னும் எளிய பொதுமொழியை ஞானோபதேசத்துக்கும் செபத்துக்கும் எடுத்துக்கொண்டனர். பிரிந்த சபைச் சகோதரரும் அவ்வாறே செய்தனர். ஆலயத்தில் வளர்ந்த அம்மொழி நாடு முழுவதும் பரவி, 1991-ல் பிரெஞ்சு மொழியோடு ஆட்சிமொழியுமாயிற்று. அம்மொழியில் இறைவனுக்கு ‘ந்சாபா’ என்று பெயர், சமாதானத்துக்கு ‘சிரிரி’. ஞாயிறு திருப்பலியில் பறையும் பாட்டுமாக, காணிக்கையைத் தலையில் சுமந்து ஆடிவரும் மக்கள் ஆண்டவரை அழைப்பதும் அச்சொல்லால்தான்.

அந்நாட்டின் முதல் சுதேசிக் குருவான பர்த்தலமி போகாண்டா 1938-ல் அபிஷேகம் பெற்றார். சிறு வயதில் தாயை இழந்து மறைபோதகரால் வளர்க்கப்பட்டவர். பின்னர் அவர் அரசியலில் இறங்கினார், குருத்துவ வாழ்வையும் விட்டார், விடுதலைக்கு வழிவகுத்தார், விடுதலை கிட்டுமுன்பே, 1959 மார்ச் 29-ல் விமான விபத்தில் மாண்டார். குருநிலையைத் துறந்தவர் என்பதால் அவரை நாம் பேசாமல் விடுவது நியாயமன்று. ஏனெனில் அவர் தம் மக்களுக்கு விட்டுச்சென்ற சாங்கோ வாக்கியம் ஒன்று, இன்று அந்நாட்டின் இலச்சினையில் பொறிக்கப்பட்டிருக்கிறது: ‘ஸோ க்வே ஸோ’. மனிதன் எவனாயினும் மனிதனே என்பது அதன் பொருள். இந்த மூன்று சொற்களைக் காப்பாற்றுவது எத்துணை அரிது என்பதை 2013-ஆம் ஆண்டு காட்டியது.

விடுதலை வந்தது 1960 ஆகஸ்ட் 13-ல். அதன்பின் ஆட்சிக் கவிழ்ப்புகளின் வரிசை. பொக்காசா என்னும் இராணுவ அதிகாரி 1977-ல் தமக்குத்தாமே பேரரசராக முடிசூட்டிக்கொண்ட கூத்தும் இதில் அடக்கம். விரிவாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் தலைநகரைத் தாண்டிப் போகவில்லை. வடகிழக்கு மூலையில் வாழ்ந்த இஸ்லாமியர் தங்களை அந்நியராகவே நடத்துகிறார்கள் என்று மனம் புழுங்கினர். இவ்வளவு போதும்.

2013 மார்ச் 24-ல் ‘செலேக்கா’ என்னும் படை பாங்கி நகரைக் கைப்பற்றியது. சாங்கோ மொழியில் கூட்டணி என்று அதற்குப் பொருள். பெரும்பாலும் வடகிழக்கு இஸ்லாமியரும், சாடு, சூடான் நாடுகளிலிருந்து வந்த கூலிப்படையினருமாகிய அவர்கள், ஊர்களைச் சூறையாடினர், மறைத்தளங்களையும் விடவில்லை. அதற்கு எதிராகக் கிராமத்து இளைஞர் கத்தியும் நாட்டுத் துப்பாக்கியும் ஏந்தி, ‘அந்தி-பலாக்கா’ என்னும் பெயரில் திரண்டனர். அவர்கள் 2013 டிசம்பர் 5-ல் தலைநகருக்குள் புகுந்தபோது தெருக்களில் பிணங்கள் விழுந்தன. செலேக்கா ஆட்சி 2014 ஜனவரியில் வீழ்ந்தது. பழிவாங்கல் தொடங்கியது. செலேக்காவோடு தொடர்பே இல்லாத வணிகரும், மாடு மேய்ப்போரும், அவர்தம் மனைவி மக்களும், இஸ்லாமியர் என்ற ஒரே காரணத்துக்காக வெட்டப்பட்டனர். எஞ்சியோர் லாரிகளில் ஏறிச் சாடுக்கும் காமரூனுக்கும் ஓடினர். நாட்டிலிருந்த 436 பள்ளிவாசல்களில் 417 இடிக்கப்பட்டுவிட்டன என்று, அங்கு சென்று வந்த ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் 2015 மார்ச்சில் கூறினார்.

இதை மதப்போர் என்று சொல்லவேண்டாம் என அந்நாட்டு ஆயர்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டனர். அவர்கள் சொன்னது உண்மை. பதவியும், வைரச் சுரங்கமும், மேய்ச்சல் பாதையுமே சண்டையின் வேர். அந்தி-பலாக்கா ‘கிறிஸ்தவப் படை’ அன்று என்பதும் உண்மை. அவர்கள் நம்பியது கழுத்தில் தொங்கிய தாயத்துகளையே. எனினும் அன்பர்களே, அந்தத் தாயத்துகளுக்குக் கீழே துடித்த நெஞ்சங்களில் திருமுழுக்குப் பெற்றவை பல உண்டு. நற்செய்தி வந்து நூற்றிருபது ஆண்டு ஆகியிருந்த நாடு அது. அவர்கள் நம்மவர் அல்லர் என்று சொல்லித் தண்ணீர் எடுத்துக் கை கழுவுவது எளிது. பிலாத்துவும் அவ்வாறே செய்தான். அம்மறைமாவட்டங்களின் குருக்களில் பலர் கை கழுவவில்லை. அதனால்தான் இந்நாட்டைப் பற்றி எழுத முன்வந்தேன்.

பாங்கியிலிருந்து புறப்படும் சாலையில் இடங்களுக்குப் பெயர் கிலோமீட்டர் கணக்கிலேயே வழங்குகிறது. நகர மையம் பூச்சியம். ஐந்தாம் கிலோமீட்டரில் இருக்கும் கடைவீதிப் பகுதி ‘பி.கே. ஐந்து’, வடக்குச் சாலைகள் பிரியும் இடம் ‘பி.கே. பன்னிரண்டு’. பி.கே. ஐந்து இஸ்லாமியர் மிகுந்த பகுதி. போருக்கு முன் நகரத்தார் அனைவரும் துணியும் இறைச்சியும் வாங்க அங்கேதான் சென்றனர். போரின்பின் அது கோட்டைச் சுவர் இல்லாத சிறையாயிற்று.

மையத்திலே பேராயர் இல்லம். பேராயர் தியூதோனே ந்சாபாலாயிங்கா பாங்காசு ஊரில் 1967-ல் பிறந்தவர், தூய ஆவி சபையினர். ‘இறைவன் அறிவார்’ என்பது அவர் குடும்பப் பெயரின் பொருள். கலகம் தொடங்குமுன்பே, இஸ்லாமியத் தலைவர் இமாம் ஓமார் கோபின் லயாமாவோடும், சுவிசேஷ சபைகளின் தலைவர் போதகர் நிக்கோலா கெரேகோயாமேயோடும் அவர் கைகோத்திருந்தார். மூவரும் ஒரே வண்டியில் ஊர் ஊராகச் சென்றனர். 2013 டிசம்பரில் இமாமின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது, பேராயர் அவரைக் குடும்பத்தோடு தம் இல்லத்துக்கு அழைத்து வந்தார். ஒரு வாரமோ இரு வாரமோ அன்று, பல மாதங்கள் அவர்கள் அங்கே தங்கினர். ஒரே கூரையின்கீழ் ஒருவர் கட்டளைச் செபம் சொல்ல, மற்றவர் மெக்காவை நோக்கித் தொழுதார்.

வடமேற்குச் சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர் சென்றால் போவாலி. நீர்வீழ்ச்சிக்குப் பேர்பெற்ற ஊர். தலைநகருக்கு மின்சாரம் அங்கிருந்தே வருகிறது. 2014 ஜனவரியில் அந்தி-பலாக்கா அங்கே இஸ்லாமியரைத் தேடித் தேடிக் கொன்றபோது, புனித பேதுரு பங்கின் இளங்குரு சேவியர் ஃபாக்பா வீடு வீடாகச் சென்று அவர்களை அழைத்துவந்து ஆலயத்துக்குள் வைத்தார். ஏறத்தாழ எழுநூறு பேர். பங்கு மக்களே அவரைப் புரிந்துகொள்ளவில்லை, ஏசினர், மிரட்டினர். ஆலயச் சுவரில் குண்டுகள் பாய்ந்தன.

பங்குப்பணியில் நரைத்தவன் என்ற முறையில் இந்த எழுநூறு என்னும் எண்ணைச் சற்று எண்ணிப் பார்க்கிறேன். திருவிழாவுக்கு முந்திய இரவு முந்நூறு பேர் நம் கோயில் வளாகத்தில் படுத்தாலே, விடியுமுன் கிணறு வற்றிவிடுகிறது. ஒதுங்க இடம் போதவில்லை என்று முறையீடு வருகிறது. அங்கே கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியோரும், வாரக்கணக்கில், வெளியே கத்தியோடு நிற்பவரின் குரலைக் கேட்டபடி இருந்தனர். தண்ணீர், கஞ்சி, காய்ச்சலுக்கு மாத்திரை, கழிவை அப்புறப்படுத்த ஆள். வேதசாட்சியத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வாளையும் நெருப்பையுமே நினைக்கிறோம். போவாலியில் அது பெரும்பாலும் குடங்களைச் சுமக்கும் வேலையாக இருந்திருக்கும்.

அதே சாலையில் இன்னும் வடமேற்கே போசெம்தெலே. அங்கே புனித கமில்லுஸ் சபைத் துறவிகள் இரண்டாம் யோவான் பவுல் பெயரால் ஒரு மருத்துவமனை நடத்துகின்றனர். அச்சபையினர் கற்பு, எளிமை, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவதாக ஒன்றையும் கொடுப்பர்: உயிருக்கு ஆபத்து நேரினும் நோயாளிகளுக்குப் பணிசெய்வது. கறுப்பு அங்கியின் மார்பில் பெரிய சிவப்புச் சிலுவை அவர்களுடைய அடையாளம். மருத்துவமனையின் பொறுப்பாளர் தோகோ நாட்டைச் சேர்ந்த அருட்தந்தை பெர்னார்டு கின்வி, அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தவர். முதலில் காயமுற்ற செலேக்கா வீரர்கள் வந்தனர், மருந்திட்டார். பின்பு அந்தி-பலாக்கா வீரர்கள் வந்தனர், அவர்களுக்கும் மருந்திட்டார். ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

2014 ஜனவரி நடுவில் செலேக்கா ஊரைவிட்டு அகன்றது; இஸ்லாமியர் காவலின்றி நின்றனர். படுகொலை நடந்தது. கின்வி அடிகளாரும் உடனிருந்த துறவிகளும் பதுங்கியிருந்தோரைத் தேடிக் கொண்டுவந்தனர், இறந்தோரைப் புதைத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலும் கோயிலிலும் அருட்சகோதரியர் இல்லத்திலும் அடைக்கலம் பெற்றனர். ஓட இயன்றவர் ஓடிவிட்டதால் எஞ்சியவருள் முதியோரும், போலியோவால் நடக்க இயலாத பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் வண்டி வண்டியாகக் காமரூனுக்கு அனுப்பப்படும்வரை பல வாரங்கள் வாயிற்படியில் நின்றது அந்தச் சிவப்புச் சிலுவையே. ஆயுதம் ஏந்தியவர்கள் உள்ளே வர முயன்றபோதெல்லாம் அவர் எதிரே சென்று வாதாடினார். அவர்களில் சிலர் அவரிடம் வைத்தியம் செய்துகொண்டவர்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் மனித உரிமை அமைப்பு 2014-ல் அவருக்கு விருது அளித்தது.

தலைநகருக்குத் திரும்புவோம். நகரத்தின் புறத்தே கார்மேல் மலை மாதா துறவுமடம். இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து 1971-ல் இந்நாட்டுக்கு வந்த கார்மேல் துறவிகளின் மடம் அது. 2013 டிசம்பர் 5 காலை முதல் மக்கள் அங்கே ஓடிவரத் தொடங்கினர். சில நாள்களில் ஆயிரங்கள். உச்ச நிலையில் பதினாயிரம் பேர். துறவிகளோ பன்னிருவர் அளவே. மௌனமும் தியானமும் குடிகொண்ட இல்லத்தில், உணவறையிலும் ஆலயத்திலும் மக்கள் பாய்விரித்தனர், குழந்தைகள் பிறந்தன, தோட்டத்து எண்ணெய்ப் பனைகளின் அடியில் கூடாரங்கள் முளைத்தன, சந்தையும் பள்ளியும் வந்தன. துறவிகள் தம் செப வேளைகளைக் கைவிடவில்லை. திருப்பாடல் ஓதும் குரலுக்கு நடுவே சிசுக்கள் அழும். கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2017-ல். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மடம் ஊராகவே இருந்தது. அதே நாள்களில் நகர விமான நிலைய ஓடுபாதையின் ஓரத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கிடந்தனர்.

அந்த விமான நிலையத்தில்தான் 2015 நவம்பர் 29-ல் திருத்தந்தை பிரான்சிஸ் இறங்கினார். போக வேண்டாம் எனப் பலரும் தடுத்தனர். அப்போதும் நகரில் துப்பாக்கி ஓயவில்லை. உங்களால் இறக்க முடியாவிட்டால் எனக்கு ஒரு பாராசூட் கொடுங்கள் என்று அவர் விமானியிடம் வேடிக்கையாகச் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. அன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. இரக்கத்தின் யூபிலி ஆண்டு உரோமையில் டிசம்பர் 8-ல்தான் தொடங்க இருந்தது. அதற்கு ஒன்பது நாள் முந்தி, பாங்கியின் செந்நிறப் பேராலயத்தில் எளிய மரக்கதவு ஒன்றைத் தம் கைகளால் தள்ளித் திறந்தார். புனித ஆண்டுக்காக ஒரு திருத்தந்தை உரோமைக்கு வெளியே புனிதக் கதவைத் திறந்தது அதுவே முதல் முறை. இந்த நகரம் இன்று உலகின் ஆன்மிகத் தலைநகரம் என்ற கருத்துப்பட அங்கே பேசினார். சமாதானத்தைக் குறிக்கும் சாங்கோ சொல்லை மக்களோடு சேர்ந்து உரக்கச் சொன்னார்.

மறுநாள் அவர் பி.கே. ஐந்துக்குச் சென்று, குதுக்கு பள்ளிவாசலில் இமாம்களோடு நின்றார். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் உடன்பிறப்புகள் என்றார். வெளியே வந்தபோது இமாம் ஒருவரையும் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மாதக்கணக்கில் அந்தப் பகுதியின் எல்லையைத் தாண்ட அஞ்சியிருந்த இஸ்லாமிய இளைஞர் பலர் அன்று வெளியே வந்தனர். போகாண்டாவின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கில் நடந்த திருப்பலிக்கும் சிலர் சென்றனர். மறு ஆண்டு பேராயர் ந்சாபாலாயிங்கா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2025-ல் இறைவனடி சேர்ந்தபோது பாங்கி மக்கள் நினைத்துக்கொண்டது அந்த இரண்டு நாள்களையே.

கதவு திறந்ததால் கலகம் முடிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. பி.கே. ஐந்தை அடுத்துள்ள பாத்திமா மாதா ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். 2014 மே 28-ல் ஆயுதம் தாங்கியோர் அதன் வளாகத்தில் புகுந்து, அடைக்கலம் புகுந்தோரையும் அருட்தந்தை பவுல்-எமில் ந்சாலேயையும் கொன்றனர். நான்கு ஆண்டு கழித்து, 2018 மே முதல் நாள், தொழிலாளர் சூசையப்பர் விழாத் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது அதே ஆலயத்தின்மீது மீண்டும் துப்பாக்கியும் கையெறிகுண்டும் பாய்ந்தன. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் ஒருவர் முதிய குரு ஆல்பெர் துங்குமாலே-பாபா. இரு சமயத்தாருக்கும் இடையே ஒற்றுமை வேண்டி உழைத்தவர். கொதித்த மக்கள் அவர் உடலைச் சுமந்து குடியரசுத் தலைவர் மாளிகைக்கே சென்றனர். கர்தினால் பழிவாங்க வேண்டாம் என்று மன்றாடினார். அதே ஆண்டு நவம்பர் 15-ல் அலிந்தாவோ பேராலயத்தை ஒட்டிய அகதிகள் முகாம் எரிக்கப்பட்டு, இரண்டு குருக்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். 2020 நவம்பர் இறுதியில் இமாம் கோபின் லயாமா காலமானார். மூவராகச் சென்ற வண்டியில் ஓரிடம் காலியாயிற்று.

இனி நாட்டின் மறுகோடிக்கு. தலைநகரிலிருந்து கிழக்கே சுமார் எழுநூறு கிலோமீட்டர் தொலைவில், ம்போமு நதிக்கரையில் பாங்காசு. கர்தினால் பிறந்த ஊர். ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாவில் பிறந்த கொம்போனி சபை ஆயர் ஹுவான் ஹோசே அகிர்ரே நெடுங்காலம் ஆண்ட மறைமாவட்டம். 2017 மே 13-ல் அந்தி-பலாக்காப் படையினர் ஊரின் தொக்கோயோ என்னும் இஸ்லாமியப் பகுதியைத் தாக்கினர். மக்கள் பள்ளிவாசலுக்குள் ஓடி ஒளிந்தனர். ஆயர் அங்கே சென்று, சுடுவோருக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே நின்றார். அப்படியும் வெளியே வந்தவர்மீது குண்டு பாய்ந்தது; இமாம் உயிரிழந்தார். தலைநகரிலிருந்து கர்தினாலும் விரைந்து வந்தார். இறுதியில் உயிர்தப்பிய சுமார் இரண்டாயிரம் பேரைப் பேராலயத்தை அடுத்த புனித லூயிஸ் இளங்குருமடத்துக்குக் கொண்டுவந்தனர்.

குருமடத்தில் வளர்ந்த நமக்கு அதன் அமைப்பு தெரியும். படிப்பறை, படுக்கையறை, மணி அடித்ததும் மௌனம், வரிசையாக நடக்கும் வராந்தா. மறைபரப்பு ஞாயிறன்று நம் மக்கள் உண்டியலில் இடும் காசு, திருத்தந்தையின் மறைபரப்புச் சபைகள் வழியாக இத்தகைய ஏழை மறைமாவட்டங்களுக்குத்தான் போகிறது. அந்த வராந்தாவில் இப்போது இஸ்லாமியத் தாய்மார் அடுப்பு மூட்டினர். மதிலைத் தாண்டி விறகுக்கும் தண்ணீருக்கும் போனவர் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லாதிருந்தது. உள்ளேயும் எல்லாம் இனிமையாக இருந்ததாக நினைக்கவேண்டாம். வேலையின்றி, வெளியேற வழியின்றி அடைபட்ட இளைஞர்கள் இருக்கும் இடத்தில் கசப்பு வளரும். நம்மைக் கொள்ளையிட்ட படையின் மதத்தவரை நம் ஆயர் நம் குருமடத்தில் வைத்துப் பேணுகிறாரே என்று வெளியே கிறிஸ்தவர்கள் முணுமுணுத்தனர். நன்றி கிடைக்கும் என்று கணக்கிட்டுச் செய்த காரியமாக இருந்தால், அது ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

2021 ஜனவரியில் வேறொரு கலகக் கூட்டணி பாங்காசுவைப் பிடித்தபோது, ஊரார் ம்போமு நதியைப் படகில் கடந்து காங்கோவுக்கு ஓடினர். 2025-ல் ஆயுதக் குழுக்களில் பெரியவை இரண்டு கலைந்துவிட ஒப்புக்கொண்டன. வேறு சில இன்னும் காட்டில் உள்ளன. இடையில், 2024-ல், மேற்கேயுள்ள போசும் ஊரில் செலேக்காத் தலைவர்களோடும் அந்தி-பலாக்காவோடும் நேருக்கு நேர் பேசிச் சண்டையைத் தணித்த இத்தாலியக் கார்மேல் துறவி அவுரேலியோ கசேரா, பாங்காசு மறைமாவட்டத்தின் இணை ஆயராக நியமிக்கப்பட்டார். மறைமாவட்டம் கிழக்கே தென் சூடான் எல்லைப்புறம்வரை நீள்கிறது. மழைக்காலத்தில் மண்சாலை கரைந்து போகும். சேற்றில் புதைந்த வண்டியைத் தள்ளியும், படகில் ஆற்றைக் கடந்தும், பல நாள் பயணம் செய்துதான் கடைசிப் பங்கின் மக்களுக்கு உறுதிபூசுதல் கொடுக்க முடியும்.